தங்கவயலில் ஒரு கடல்

கடலாராய்ச்சி என்றால் மண்டபம், பரங்கிப்பேட்டை என்பார்கள். அந்த வரிசையில் கோலார் தங்கவயலைச் சேர்த்தால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். என் அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். நான் இதே ஊரில் பிள்ளைகளுக்கு அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவன். எங்கள் ஊர்க் கதையில் கடல் இரண்டு முறை வருகிறது.

முதல் முறை, சுமார் 270 கோடி ஆண்டுகளுக்கு முன். இன்று எங்கள் காலடியில் கறுத்துக் கிடக்கும் பாறையில் பெரும்பகுதி, அன்று தண்ணீருக்கடியில் பீறிட்ட எரிமலைக் குழம்பு. நீர் பட்டதும் அதன் மேல்தோல் இறுகும். உள்ளிருக்கும் குழம்பு தோலைக் கிழித்துக்கொண்டு அடுத்த உருண்டையாகப் பிதுங்கும். தலையணைகளை அடுக்கிவைத்ததுபோல அவை இன்றும் பாறையில் தெரிகின்றன. இரும்பும் மக்னீசியமும் மிகுந்த கல். தண்ணீரைப்போல மூன்று மடங்கு கனம். இந்தக் கனம்தான் பிறகு பெயர் வாங்கித் தந்தது.

இரண்டாம் முறை, 1951இல். ஹோமி பாபா, டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து பி.வி. ஸ்ரீகண்டன் என்ற இளைஞரை இங்கே அனுப்பினார். காஸ்மிக் கதிர்களில் வரும் மியூவான்கள் எவ்வளவு ஆழம்வரை இறங்குகின்றன என்று அளப்பது வேலை. அந்த ஆழத்தை இயற்பியலாளர்கள் அடியில் சொல்வதில்லை. தலைக்குமேல் எத்தனை மீட்டர் தண்ணீர் நின்றால் அதே தடுப்பு கிடைக்குமோ, அதுதான் கணக்கு. அப்படிப் பார்த்தால் எங்கள் சுரங்கத்தின் 7,500 அடி, ஏறக்குறைய 7,000 மீட்டர் தண்ணீர். வங்காள விரிகுடாவில் எங்கும் அவ்வளவு ஆழம் கிடையாது.

1960களின் தொடக்கத்தில் அதைவிடவும் கீழே கருவி வைத்தார்கள். வாரக்கணக்கில் ஒரு மியூவான்கூடப் பதிவாகவில்லை. அதுதான் வேண்டியிருந்தது. மேலிருந்து எதுவும் வராத இடத்தில் பக்கவாட்டில் ஒரு தடம் விழுந்தால், அது எதையும் ஊடுருவி வரும் நியூட்ரினோ என்ற துகள் பாறைக்குள் மோதிப் பிறந்த மியூவானாகத்தான் இருக்க வேண்டும். 1965இல் ஹீத்கோட் ஷாஃப்ட் பக்கம் சுவர்போலக் கருவிகளை நிறுத்திவைத்து, எம்.ஜி.கே. மேனனின் குழு அத்தகைய தடங்களைப் பிடித்தது. ஒசாகா, டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் கூட்டு. ஆகஸ்ட் 15 தேதியிட்ட இதழில் கட்டுரை வந்தது. தென்னாப்பிரிக்கச் சுரங்கத்தில் இதே தேடலில் இருந்த ரைன்ஸ் என்ற இயற்பியலாளரின் குழு முதல் தடத்தை பிப்ரவரியிலேயே கண்டிருந்தது. அச்சில் நம்மவர்கள் இரண்டு வாரம் முந்தினார்கள்.

“தங்கம் எடுக்க வந்தவங்க இல்லப்பா, ஏதோ கதிர் எண்ண வந்தவங்க” என்பார் அப்பா. அந்தக் கருவிகளும் தங்கம் வெட்டப் போகிறவர்கள் இறங்கும் அதே கேஜில்தான் இறங்கின.

பாபாவின் பெயரும் மேனனின் பெயரும் புத்தகத்தில் இருக்கின்றன, இருக்க வேண்டியவைதான். ஆனால் அந்த ஆழத்தை எந்த நிறுவனமும் காசு கொடுத்து வாங்கியிருக்க முடியாது. 1880 முதல் வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த ஜனங்கள், ‘ஏர் பிளாஸ்ட்’டில் பாறை வெடித்துச் செத்தும், நுரையீரலில் தூசி ஏறிச் செத்தும் தோண்டிய ஆழம் அது. இயற்பியலுக்கு அவர்கள் கொடுத்ததை யாரும் கணக்கில் எழுதவில்லை.

சுரங்கம் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டது. அந்த ஆழத்துக்கு இனி யாரும் இறங்க முடியாது. தலையணைப் பாறைகள் மேலேதான் இருக்கின்றன. பெத்தப்பள்ளியில் உள்ளவற்றை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. கடல் காட்டப் பிள்ளைகளை மெரினாவுக்கு அழைத்துப்போகும் ஆசிரியர்கள், ஒருமுறை இங்கேயும் கூட்டிவாருங்கள்.