தோழனுக்குப் பாடிய கையறுநிலை

1985 ஆம் ஆண்டு மே மாதம் 5 ஆம் நாள். மேற்கு ஜெர்மனியின் பிட்புர்க் நகரத்துப் படைவீரர் கல்லறைத் தோட்டத்தில் அமெரிக்க அதிபர் ரீகனும் ஜெர்மன் சான்சலர் ஹெல்முட் கோலும் மலர்வளையம் சாத்தி நிற்க, ஓர் எக்காளம் மெல்ல ஒலித்தது. சில நிமிடங்களில் முடிந்துவிட்ட சடங்கு அது. ஆயினும் அதனையொட்டி எழுந்த வேதனை எளிதில் அடங்கவில்லை. அங்கே புதையுண்ட ஏறத்தாழ 2,000 வீரர்களுள் 49 பேர் ஹிட்லரின் வாஃபன் எஸ்.எஸ். படையினர். கொலை முகாம்களிலிருந்து உயிர் தப்பிய எழுத்தாளர் எலீ வீசல், ஏப்ரல் 19 ஆம் நாள் வெள்ளை மாளிகையில் ரீகனின் முகத்துக்கு நேரே, அங்குச் செல்ல வேண்டாமென வேண்டிக்கொண்டார். முந்திய நாளோ, அவ்வீரர்களும் முகாம்களில் மாண்டோரைப் போலவே பலியானவர்கள் என ரீகன் கூறியிருந்தார். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சிய சொல் அது.

அன்று ஒலித்தது ‘நல்ல தோழன்’ என்னும் பாடலின் மெட்டு. 1809 இல் லூத்விக் ஊலாந்து என்னும் கவிஞர் அதனை இயற்றினார். 1825 இல் ஃபிரீட்ரிக் ஸில்ஹர் இசையமைத்தார். முரசொலிக்கேற்ப இருவர் அடியொத்து நடக்கின்றனர். ஒரு குண்டு வருகிறது. ஒருவன் மற்றவனின் காலடியில் வீழ்கிறான். சாகின்றவன் கை நீட்டுகிறான். தோழனால் அக்கையைப் பற்ற இயலவில்லை. அவன் துப்பாக்கிக்கு மருந்து கெட்டித்துக்கொண்டிருக்கிறான்! பாட்டு முழுவதிலும் நாட்டின் பெயர் இல்லை, பகைவனின் பெயர் இல்லை, போரின் காரணமும் இல்லை.

காரணம் சொல்லாத பாட்டை எவரும் எடுத்தாளலாம் அன்றோ? முதல் உலகப் போரில் ஜெர்மனி ஏறத்தாழ 20 இலட்சம் வீரர்களை இழந்தது. அவர்களுக்கென ஏற்பட்ட ‘மக்கள் துக்க நாளை’ நாஜிகள் 1934 இல் ‘வீரர் நினைவு நாள்’ என மாற்றினர். அழுகை போய் ஆர்ப்பரிப்பு வந்தது. மெட்டு மட்டும் மாறவில்லை. அதே மெட்டில்தான், தாஹாவ் முகாமிலிருந்து 1933 இல் தப்பி, 1936 இல் மாட்ரிட் போர்முனையில் வீழ்ந்த பொதுவுடைமைவாதி ஹான்ஸ் பைம்லருக்கும் எர்ன்ஸ்ட் புஷ் இரங்கற்பா பாடினார். கொன்றவர்க்கும் கொல்லப்பட்டவர்க்கும் ஒரே இசை!

இங்கே நமக்கு அரபுப் பெண்பாற் புலவர் கன்ஸா நினைவுக்கு வருகிறார். அறியாமைக் காலத்துக் குலப்போரில் காயமுற்று இறந்த தம் சகோதரர் ஸக்ருக்காக அவர் பாடிய இரங்கற்பாக்களை மதரஸாக்களில் இன்றும் சுவைத்துப் படிக்கிறோம். ஸக்ர் சென்ற போர் நியாயமானதா என எந்த உஸ்தாதும் நம்மைக் கேட்டதில்லை. சகோதரியின் கண்ணீருக்கு அக்கேள்வி தேவையுமில்லை. ஆனால் அக்காலத்து இரங்கற்பா வெறும் ஒப்பாரி அன்று. பழிக்குப் பழி வாங்கக் குலத்தைத் தூண்டும் குரலும் அதுவே. இதனை உஸ்தாதுகள் சொல்லித்தான் தந்தனர். இளமையில் நாம் அதனைப் பெரிதாகக் கருதவில்லை.

இரண்டாம் உலகப் போரில் மாண்ட ஜெர்மானிய வீரர் 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். பதினெட்டு வயதில் கட்டாயமாகப் படைக்கு இழுக்கப்பட்ட மகனுக்காகத் தாய் அழுவதை எவ்வாறு தடுப்பது? அழட்டும். அந்தத் தாயின் வீட்டில் அந்த மெட்டு ஒலிப்பதில் நமக்கு மறுப்பில்லை. அரசு கொடியோடும் அணிவகுப்போடும் அதனை ஒலிக்கச் செய்யும்போதுதான் நெஞ்சு உறுத்துகிறது. எக்காளத்துக்கு நாவில்லை; 2,000 பேரில் எவருக்காக ஒலிக்கிறோம், எவருக்காக அல்ல என அதனால் பிரித்துச் சொல்ல முடியாது.

மக்கள் துக்க நாள் 1952 முதல் கிறிஸ்தவர்களின் அட்வென்ட் காலத்துக்கு இரு ஞாயிறுகள் முன்னர் அனுசரிக்கப்படுகிறது. நாடாளுமன்றத்தில் நடைபெறும் அந்நிகழ்ச்சியில் குடியரசுத் தலைவர் ஓர் உரையை வாசிக்கிறார். போரில் வீழ்ந்த வீரர்கள் மட்டுமன்றி, குழந்தைகள், பெண்கள், இனத்தின் பெயரால் கொல்லப்பட்டோர் எனப் பலரையும் அது குறிப்பிடுகிறது. அதன் பின்னரே எக்காளம் ஒலிக்கிறது. பிட்புர்க்கில் அன்று கல்லறையருகே உரை எதுவும் நிகழவில்லை. அன்றே ரீகன் பெர்கன்–பெல்சன் முகாமுக்கும் சென்று மாண்டோரைப் பற்றிப் பேசினார். கல்லறைத் தோட்டத்திலோ மெட்டு மட்டுமே ஒலித்தது.