சிராங்கூன் சாலையோடு முடிவதில்லை சிங்கப்பூர்

வெளிநாட்டுப் பயணம் என்றதும் நம்மவர் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது கடைத்தெருதான். சிங்கப்பூர் போனால் தேக்காவில் சாப்பாடு, முஸ்தபாவில் சாமான்கள், வீரமாகாளியம்மன் தரிசனம். அத்தோடு லிட்டில் இந்தியாவைப் பார்த்தாகிவிட்டது. தமிழர் வரலாற்றையும் பார்த்தாகிவிட்டது என்று திரும்பிவிடுகிறார்கள். ஆனால் அந்த வரலாற்றின் முதல் பக்கங்கள் இருப்பது லிட்டில் இந்தியாவில் அல்ல, சைனாடவுனில்!

1819 மே மாதம் ராஃபிள்ஸ் இரண்டாம் முறை சிங்கப்பூர் வந்தபோது, பினாங்கிலிருந்து உடன் வந்தவர் நாராயண பிள்ளை. புதிய ஊருக்கு வீடுகள் வேண்டுமே என்று செங்கல் சூளை போட்டார். 1827இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் மரமும் ஓலையுமாக மாரியம்மன் கோயிலை எழுப்பினார். இதுவே சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோயில். சில அடி தூரத்தில் சூலியா முஸ்லிம்களின் ஜாமியா பள்ளிவாசல். கோயில் கோபுரத்தால் ஒரு தெரு பகோடா தெரு ஆனது; பள்ளிவாசலால் இன்னொரு தெரு மசூதித் தெரு ஆனது. சீனர் கடைகள் நிறைந்த தெருக்கள் இன்றும் தமிழர் எழுப்பிய வழிபாட்டிடங்களின் அடையாளத்தைச் சுமந்து நிற்கின்றன.

அங்கிருந்து சற்று நடந்தால் தெலுக் ஆயர் தெரு. 1828 முதல் 1830க்குள் கட்டப்பட்ட நாகூர் தர்கா இங்கே இருக்கிறது. இன்று அதைச் சுற்றிலும் உயர்ந்த கட்டடங்கள். அன்றோ அதன் எதிரே கடல்! பிற்பாடு கடலைத் தூர்த்து நிலமாக்கிவிட்டார்கள். அதே தெருவில் சீனர்களின் கடல் தெய்வத்துக்கான தியான் ஹோக் கெங் கோயில். பாய்மரக் கப்பலில் வந்து உயிரோடு கரை சேர்ந்தவர்களின் நன்றிக் கடன் இரண்டு மதங்களில் ஒரே தெருவில் நிற்கிறது.

கோயில் கட்டியவர் பெயராவது தெரிகிறது. பெயரே தெரியாதவர்களும் உண்டு. 1862இல் அர்ப்பணிக்கப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தை எழுப்பியது இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகளின் உழைப்பு. அதன் சுவருக்குப் பூசியது ‘மெட்ராஸ் சுண்ணாம்பு’. கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய நீர் சேர்த்து அரைத்த கலவை. நம் ஊர்க் கொத்தனாரின் கைப்பக்குவம் அந்த ஆங்கிலேயக் கோபுரத்தில் பளபளத்தது.

இதன் பிறகு சிராங்கூன் சாலைக்குத் திரும்பினால் அதுவும் வேறு மாதிரி தெரியும். எருமைச் சாலை என்ற பெயர் அங்கிருந்த மாட்டு வணிகத்தைச் சொல்லும். வீரமாகாளியம்மன் கோயிலுக்கு ‘சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில்’ என்றொரு பழைய பெயர் உண்டு. அது அங்கே எரிந்த சுண்ணாம்புக் காளவாய்களின் நினைவு. மாடுகளும் போயின, காளவாய்களும் போயின. பெயர்கள் மட்டும் மிச்சம்.

மார்க்கெட் தெருவில் செட்டியார்களின் கிட்டங்கிகள் வரிசையாக இருந்தன. இன்று அந்த இடத்தில் வானளாவிய கட்டடங்கள். மாரியம்மன் கோயில் 1973இலும், நாகூர் தர்கா 1974இலும் தேசிய நினைவுச்சின்னங்கள் ஆனதால் அவை தப்பின. சட்டம் காப்பது சுவர்களைத்தான். அவற்றின் கதையைக் காப்பது, அங்கே நடந்து போய்ப் பார்த்துப் பிள்ளைகளுக்குச் சொல்பவர்கள்.

கேம்பல் லேனில் 2015இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்தில் தொடங்கித் தெலுக் ஆயரில் முடித்தால் ஒரு பகல் போதும். கடைகள் இரவிலும் திறந்திருக்கும்.