வீட்டருகே ஒரு மர நிழல்: ஆய்வுகள் சொல்லும் ஆரோக்கியப் பாடம்

நகரங்களில் மனையின் விலை ஏற ஏற, முதலில் காணாமல் போவது மரங்களும் திறந்த வெளிகளும்தான். பூங்கா என்பது வசதி உள்ளவர்கள் காற்று வாங்கும் இடம், அன்றாடம் உழைத்துப் பிழைப்பவர்களுக்கு அது எதற்கு என்ற எண்ணமும் நம்மில் பலரிடம் இருக்கிறது. ஆனால் கடந்த 40 ஆண்டுகளில் நடந்த முக்கிய ஆய்வுகள் சில இதற்கு நேர்மாறாகச் சொல்கின்றன. வீட்டருகே உள்ள பசுமையால் அதிகம் பயன் அடைபவர்கள் ஏழைகளே.

மருத்துவமனை ஜன்னல்

இத்துறையில் பலரது கவனத்தையும் ஈர்த்த ஆய்வு 1984இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு மருத்துவமனையில், 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் ஒப்பிட்டார். 23 பேரின் ஜன்னலுக்கு வெளியே மரங்கள் இருந்தன. மற்ற 23 பேருக்குச் செங்கல் சுவர்தான் தெரிந்தது. மரங்களைப் பார்த்தவர்கள் சராசரியாக 7.96 நாட்களில் வீடு திரும்பினர். சுவரைப் பார்த்தவர்களுக்கு 8.70 நாட்கள் ஆயின. முதல் பிரிவினருக்கு வீரியமான வலி மருந்துகளும் குறைவாகவே தேவைப்பட்டன.

இங்கிலாந்தின் கணக்கு

46 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. 2008இல் ரிச்சர்ட் மிட்செல், ஃபிராங்க் பொபம் ஆகிய இருவரும் இங்கிலாந்தில் பணி ஓய்வு வயதை எட்டாத சுமார் 4 கோடி மக்களின் தரவுகளை ஆராய்ந்து 'லான்செட்' இதழில் வெளியிட்டனர். பசுமை மிகக் குறைந்த பகுதிகளில், வருமானத்தில் கடைசி நிலையில் இருப்பவர்களின் இறப்பு விகிதம் மேல்நிலையில் இருப்பவர்களைப் போல 1.93 மடங்காக இருந்தது. பசுமை மிகுந்த பகுதிகளில் அது 1.43 மடங்குதான். பணக்காரருக்கும் ஏழைக்கும் ஆயுளில் உள்ள இடைவெளி, பசுமை உள்ள இடத்தில் சுருங்கியிருந்தது.

பிலடெல்பியாவின் காலி மனைகள்

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் எழும். பசுமையான பகுதிக்கும் மற்ற பகுதிக்கும் வேறு பல வித்தியாசங்கள் இருக்கலாமே, பலன் மரத்தால்தான் வந்தது என்று எப்படிச் சொல்வது? இதற்கு விடை தேடி, பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிலடெல்பியா நகரில் ஒரு நேரடிப் பரிசோதனை நடத்தினர்.

குப்பை மேடாகக் கிடந்த 541 காலி மனைகள் தேர்வு செய்யப்பட்டு, குலுக்கல் முறையில் மூன்று பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டன. முதல் பிரிவில் குப்பையை அகற்றி, நிலத்தைச் சமப்படுத்தி, புல்லும் சில மரங்களும் நட்டு, தாழ்வான மரவேலி அமைத்துத் தொடர்ந்து பராமரித்தனர். இரண்டாம் பிரிவில் குப்பையை மட்டும் அகற்றினர். மூன்றாம் பிரிவை அப்படியே விட்டுவிட்டனர். பணிக்கு முன்பும் பின்பும் அக்கம்பக்கத்தில் வசிப்பவர்களைச் சந்தித்து அவர்களின் மனநிலையை விசாரித்தனர்.

2018இல் முடிவு வெளியானது. எதுவும் செய்யாத மனைகளுடன் ஒப்பிட்டபோது, பசுமையாக்கப்பட்ட மனைகளின் அருகில் மனச்சோர்வு உணர்வதாகக் கூறியவர்கள் 41.5 சதவீதம் குறைந்திருந்தனர். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள பகுதிகளில் இந்தக் குறைவு 68 சதவீதத்துக்கும் மேல். குப்பையை மட்டும் அகற்றிய இடங்களில் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. இவை மக்கள் தாங்களே கூறியவை, மருத்துவர் உறுதிசெய்த நோய்க் கணக்கு அல்ல என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். இதே பரிசோதனையை ஒட்டிய மற்றோர் ஆய்வில், வறிய பகுதிகளில் துப்பாக்கி வன்முறை சுமார் 29 சதவீதம் குறைந்தது தெரியவந்தது.

மரங்கள் அழிந்தபோது

மரங்கள் போனால் என்ன ஆகும் என்பதையும் அமெரிக்கா கண்டது. ஆசியாவிலிருந்து வந்த மரகத நிற வண்டு ஒன்று 2002இல் மிச்சிகன் மாநிலத்தில் கண்டறியப்பட்டது. அது பல கோடி ஆஷ் மரங்களை அழித்தது. வண்டு பரவிய 15 மாநிலங்களில் 2007 வரையிலான இறப்புப் பதிவுகளை ஜெஃப்ரி டோனவன் குழுவினர் ஆராய்ந்தனர். இதய, இரத்தநாள நோய்களால் சுமார் 15,000 இறப்புகளும், சுவாச நோய்களால் சுமார் 6,000 இறப்புகளும் கூடுதலாக நிகழ்ந்ததாக அவர்கள் மதிப்பிட்டனர்.

எப்படி உதவுகிறது? எவ்வளவு தேவை?

மரங்கள் நிழல் தந்தும் இலைகள் வழியே நீராவியை வெளியிட்டும் வெப்பத்தைக் குறைக்கின்றன. அருகில் நல்ல இடம் இருந்தால் பெரியவர்கள் நடக்கிறார்கள், பிள்ளைகள் விளையாடுகிறார்கள், அண்டை வீட்டார் சந்தித்துப் பேசுகிறார்கள். மன இறுக்கமும் தணிகிறது.

வீட்டிலிருந்து 300 மீட்டருக்குள் குறைந்தது அரை ஹெக்டேர் பசுமை வெளி இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் ஐரோப்பிய அலுவலகம் முன்வைத்த பொதுவான அளவுகோல். இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், வாரம் 120 நிமிடங்களாவது இயற்கைச் சூழலில் கழித்தவர்கள் நல்ல உடல்நலமும் மனநிறைவும் இருப்பதாக அதிகம் கூறினர். அந்த நேரம் ஒரே நாளில் கழிந்தாலும், பல நாட்களாகப் பிரிந்தாலும் பலனில் வேறுபாடு இல்லை.

மரம் நடுவதை ஸதகாவாகக் கற்றுத்தந்த மார்க்கம் நம்முடையது. பிலடெல்பியாவில் அந்த மாற்றத்தைத் தந்தவை பெரிய பூங்காக்கள் அல்ல. புல்லும் சில மரங்களும் தொடர்ந்த பராமரிப்பும் பெற்ற சிறு மனைகள். நம் தெருவில் குப்பை கொட்டப்படும் அந்த மூலையை இனிக் கடக்கும்போது இதை எண்ணிப் பார்ப்போம்.