திருப்பணியும் முன்கணக்கும்

ஆலயத் திருப்பணி அன்பினால் தொடங்கிக் கணக்கினால் நிறைவெய்துவது. பொருட்செலவைப் பற்றிப் பேசுதல் பக்திக்கு இழுக்கென்று கருதுவார் சிலர் உளர். அக்கருத்துப் பொருந்தாது என்பதைச் சைவத்தின் வரலாறே காட்டும். மணவாளக்குறிச்சியிலே திருக்குடமுழுக்கு நிகழும் இந்நன்னாளில் அதனைச் சிறிது சிந்தித்தல் தகும்.

திருநின்றவூர்ப் பூசலார் நாயனார் வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்துள் அருளிய முறையை நோக்குவோம். ஈசனுக்குக் கோயில் எடுக்க விரும்பிய அவ்வந்தணர், எங்குத் தேடியும் பொருள் கிடைக்கப் பெறாமையின், மனத்திலேயே ஆலயம் சமைக்கத் துணிந்தார். இதனை யாவரும் அறிவர்; அவர் அப்பணியை நடத்திய வரிசையைக் கருதுவார் சிலரே. முதற்கண் தினையளவில் தொடங்கிப் பொருளைத் திரட்டினார். அடுத்து, வேண்டும் சாதனங்களையும் தச்சரையும் தேடிக்கொண்டார். பின்னரே நல்ல நாள் குறித்து ஆகம விதிப்படி அடிநிலை கோலினார். உபானம் முதலாக வகுத்து, சிகரத்தையும் தாம் எண்ணிய முழக்கணக்கின்படியே எழுப்பினார். சுதைவேலை, கிணறு, மதில், திருக்குளம் ஆகியவற்றையும் மறந்தாரல்லர். மனக்கோயிலுக்குக் கைப்பொருட்செலவு ஏது? ஆயினும் அளவும் வரிசையும் பிறழவில்லை. காஞ்சியிலே கற்றளி எடுத்த பல்லவ மன்னனின் கனவில் இறைவன் தோன்றி, அவன் குறித்த நாளை மாற்றிக்கொள்ளப் பணித்தருளியதும் இக்கோயிலின் பொருட்டே. அம்மன்னன், 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கயிலாசநாதர் கோயிலை எடுத்த இராசசிங்கன் என்பது ஆராய்ச்சியாளர் பலர் துணிபு.

பழங்கோயிலைப் புதுக்குவதாயின், இருப்பது யாது என்று அறிந்த பின்னரே அதில் கை வைத்தல் வேண்டும். 10ஆம் நூற்றாண்டிலே செம்பியன் மாதேவியார் திருக்கோடிகாவில் கற்றளி எடுப்பித்தபோது, பழைய கல்வெட்டுக்களைப் படியெடுத்துப் புதுச்சுவரில் பொறிக்கச் செய்தார். கோயிலுக்குரிய அறக்கொடைகள் இவையென்னும் செய்தி அதனால் அழியாது நின்றது. இன்று நாம் பணிக்கு முன் எடுக்கும் அளவுக்குறிப்பும் இருப்புப் பட்டியலும் அச்செயலின் வழிவந்தனவே.

பொருள்வழி தொடர்ந்து நில்லாத பணிக்கு நேர்வது யாதென்பதை நம் நாட்டு மொட்டைக் கோபுரங்கள் கூறும். மதுரையில் திருமலை நாயக்கர் (1623–1659) தொடங்கிய இராயகோபுரம் இன்றும் குறையாகவே நிற்கின்றது. திருவரங்கத்துத் தெற்கு இராசகோபுரம் 16ஆம் நூற்றாண்டில் தொடங்கப்பெற்று, நானூறு ஆண்டுக்கு மேலாகக் காத்திருந்து, 1987இல் 13 நிலைகளோடு 236 அடி உயரத்தில் நிறைவெய்தியது. அப்போது நிலைகள் சிலவற்றின் செலவைத் தனித்தனி நன்கொடையாளர் ஏற்றனர். ஓர் அரசனையே நம்பிய பணி அவனோடு நின்றது. பலர் பகுத்துக்கொண்ட பணி முடிந்தது.

பிறநாட்டாரும் இவ்வுண்மையை உணர்ந்திருந்தனர். கி.மு. முதல் நூற்றாண்டினராகிய விட்ருவியசு என்னும் உரோமானியக் கட்டடநூலாசிரியர், எபேசு நகரத்துப் பழஞ்சட்டம் ஒன்றைக் குறிக்கின்றார். பொதுப்பணியை ஏற்கும் கட்டடக்கலைஞன் செலவை முன்னரே அறிவித்து, பணி முடியுங்காறும் தன் உடைமையை ஈடாக வைத்தல் வேண்டும். சொன்ன அளவில் முடித்தால் சிறப்புச் செய்வர். காற்பங்கு வரை மிகுந்தால் பொதுப்பணத்தினின்று கொடுப்பர். அதற்கும் மேற்பட்டதை அவன் உடைமையினின்றே பெறுவர். இத்துணைக் கடுமை நமக்கு வேண்டுவதன்று. அதன் கருத்து வேண்டும்.

ஒப்பந்தம் வழங்குமுன் செய்யத்தக்கன சில உள. முதலாவது அளவு. கல்லும் மரமும் இத்துணைக் கனஅடி, வண்ணம் இத்துணைச் சதுர அடி, சுதையுருவங்கள் இத்துணை என ஸ்தபதியாரும் பொறியாளரும் ஒருங்கிருந்து எழுதுதல் வேண்டும். நம் பகுதிக் கோயில்களின் ஓட்டுக்கூரையின் கீழ், உத்திரமும் கழுக்கோலும் வெளியே தோன்றாமல் உளுத்திருத்தல் உண்டு. ஓரிரண்டு இடங்களில் ஓடுகளைப் பிரித்துப் பார்த்தே மதிப்பீடு செய்தல் நன்று. நம்மூர்க் கடற்கரை மணல் மோனசைட்டு, இல்மனைட்டு முதலிய கனிமங்களால் பெயர்பெற்றது. ஆயினும் உப்பேறிய கடல்மணல் சாந்துக்கு ஆகாது. நன்மணல் வெளியிலிருந்து வருதலின், அதன் வண்டிக்கூலியும் கணக்கில் ஏறல் வேண்டும். உப்புக்காற்று இரும்பை அரிக்கும் ஊரில், காப்பின்றி இட்ட மலிவான கம்பி பின்னர்ப் பெருஞ்செலவாய் முடியும்.

இரண்டாவது, விலைப்புள்ளிகளை ஆய்தல். திருப்பணிக் குழுவினர் தம் மதிப்பீட்டை முன்னரே எழுதி வைத்துக்கொண்டு, வந்த விலைகளை அதனோடு ஒப்பிடல் வேண்டும். மிகக் குறைந்த விலையைக் கண்டு மகிழ்வதற்கு முன், அவ்விலையில் அப்பணி இயலுமோ என்று வினவுதல் வேண்டும். இயலாத விலைக்கு ஏற்றவர் இடைவழியில் நிறுத்திவிட நேரும். மூன்றாவது, ஒப்பந்தத்திற்குப் பின் வரைபடத்தை மாற்றாமை. மண்டபத்தை இன்னும் நான்கு அடி நீட்டலாம் என்னும் ஆசை, தூணும் தளமும் கூரையுமாகப் பெருகும். யாகசாலைக்கும் அன்னதானத்திற்கும் உரிய தொகையையும், எதிர்பாராச் செலவுக்கு ஒரு பங்கையும் தனியே ஒதுக்குதல் இன்றியமையாதது.

இவை வெறும் காசுக்கணக்கு அல்ல. பணி இடையில் நின்றால் இறைவன் பாலாலயத்திலேயே எழுந்தருளியிருக்க, மூலத்தானம் ஆண்டுக்கணக்கில் வழிபாடின்றிக் கிடக்கும். கருவறைத் தரிசனத்திற்கு ஏங்கும் முதியோர் சிலர் அதனைக் காணாமலே கண்மூடுவர். அன்றியும், திருப்பணி உண்டியலில் செல்வர் இட்ட நோட்டோடு, ஒருநாட் கூலியை அப்படியே இட்ட ஏழைத்தாயின் காசும் கிடக்கின்றது. அவள் கணக்குக் கேட்கமாட்டாள். ஆதலின் கேளாமலே கணக்கு வைத்தல் நம் கடன்.

குடமுழுக்கு முடிந்தபின் அளவுப் புத்தகமும் விலைப்பட்டியலும் பழந்தாள்களோடு எறியப்படுதல் பலவிடத்தும் நிகழ்கின்றது. அவற்றை ஆலயத்திலேயே பேணி வைப்போமாக. 12 ஆண்டு கழித்து அடுத்த திருப்பணிக்கு எழும் இளைஞர்க்கு, எப்பணிக்கு எவ்வளவு சென்றது, எங்கே மதிப்பீடு தவறியது என்பதை அவை உணர்த்தும். பூசலார் உள்ளத்தே உறைந்தருளிய பெருமான் நம்மூரையும் காத்தருள்வானாக.

திருச்சிற்றம்பலம்.