சாட்சி சொல்லாத அயலவர்: ‘த ஃபியூஜிடிவ்’ தொடரின் கடைசி இரவு

1967 ஓகஸ்ட் 29, செவ்வாய்க்கிழமை. அன்றிரவு அமெரிக்காவில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த வீடுகளில் சுமார் 72 சதவீதமானவை ஒரே நிகழ்ச்சியைத்தான் பார்த்தன. ஏபிசி அலைவரிசையில் நான்கு பருவங்கள் ஓடிய ‘த ஃபியூஜிடிவ்’ தொடரின் 120ஆவது, இறுதி அத்தியாயம் அது. பார்வையாளர்கள் ஏறத்தாழ 7 கோடியே 80 இலட்சம் பேர் என மதிப்பிடப்பட்டது. 1980இல் ‘டல்லஸ்’ முந்தும்வரை அந்தச் சாதனை நிலைத்தது.

நம் நாட்டில் அப்போது தொலைக்காட்சியே இல்லை. அது வந்தது 1979இல். பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்ததும் அதே ஆண்டில்தான்.

ரோய் ஹக்கின்ஸ் உருவாக்கிய கதை இது. மனைவியைக் கொன்றதாக மரண தண்டனை விதிக்கப்பட்ட டொக்டர் ரிச்சர்ட் கிம்பிள் (டேவிட் ஜான்சன்), சிறைக்குக் கொண்டுசெல்லப்படும் வழியில் ரயில் தடம்புரளத் தப்புகிறார். கொலை நடந்த இரவில் வீட்டிலிருந்து ஓடிய ஒற்றைக் கை மனிதனை அவர் தேடுகிறார். அவரை லெப்டினன்ட் ஜெராட் தேடுகிறார்.

இறுதி அத்தியாயத்தில், கேளிக்கைப் பூங்காவின் கோபுர உச்சியில் அந்த மனிதன் கிம்பிளிடம் கொலையை ஒப்புக்கொள்கிறான். கீழிருந்து ஜெராட் சுட, விழுந்து இறக்கிறான். ஒப்புதலைக் கேட்டவர் கிம்பிள் மட்டும்தான். சட்டத்தின் முன் அது எதற்கும் உதவாது. அவரைக் காப்பாற்றுவது அயலவரான சாண்ட்லர். கொலை நடந்தபோது அதே வீட்டில் நின்று கண்ணால் கண்டவர் அவர். போரில் பதக்கம் பெற்ற வீரர். அன்று பயந்து உறைந்துபோனதைச் சொல்ல வெட்கப்பட்டு இத்தனை ஆண்டுகள் வாய் மூடியிருந்தார். தொடரின் உண்மையான குற்றவாளி யார் என்று கேட்டால் நான் இவரைத்தான் காட்டுவேன்.

ஒப்புதல் வாக்குமூலம் என்றதும் நம்மவர் மனதில் வேறொன்று வரும். இலங்கையின் சாதாரண சட்டப்படி பொலிஸாரிடம் அளித்த ஒப்புதலை எதிரிக்கு எதிராகப் பாவிக்க முடியாது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு அதை மாற்றியது: உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் அளித்தது சாட்சியமாகும், அது பலவந்தமாகப் பெறப்பட்டது என்று நிரூபிக்க வேண்டியவரும் எதிரியே.

சிங்கராசா வழக்கு இதற்கு உதாரணம். 1993இல் மட்டக்களப்பு மாவட்டத்தில் கைதான அவருக்கு, சிங்களம் வாசிக்கத் தெரியாது. சிங்களத்தில் எழுதப்பட்டு அவரது கைவிரல் அடையாளம் இடப்பட்ட வாக்குமூலத்தை வைத்து 1995இல் 50 ஆண்டுச் சிறை. மேன்முறையீட்டில் அது 35 ஆனது. அவரது உரிமைகள் மீறப்பட்டதாக ஐ.நா. மனித உரிமைகள் குழு 2004இல் கண்டது. தீர்ப்பை மீள்பரிசீலிக்க 2006இல் உயர் நீதிமன்றம் மறுத்தது. அவருக்குக் கோபுரமும் இல்லை, சாண்ட்லரும் இல்லை.

நான் வசிக்கும் குண்டசாலைப் பகுதியில், பல்லேகலையில் தும்பறைச் சிறைச்சாலை இருக்கிறது. 2014இல் கண்டி போகம்பறை சிறை மூடப்பட்டபோது கைதிகள் இங்கே மாற்றப்பட்டார்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தொடரின் கடைசிக் காட்சி நினைவுக்கு வரும். விடுதலையான கிம்பிள் நீதிமன்ற வாசலில் ஜெராட்டின் கையைக் குலுக்கிவிட்டு நடக்கிறார். பொலிஸ் கார் ஒன்று அருகே வந்து நிற்கிறது. அவர் திடுக்கிட்டு நிற்கிறார்.