பட்டியலில் விடுபட்ட எண்

இராமானுஜன் என்றதும் எங்கள் வீடுகளில் இரண்டு கதைகள் வரும். ஒன்று, டாக்சி எண் 1729. மற்றது, நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரம் சொன்ன கதை. இங்கே றிச்மண்ட் ஹில்லில் வளரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல விரும்புவது வேறோர் எண்ணின் கதை: 6746328388800. ஆறு இலட்சத்து எழுபத்து நாலாயிரம் கோடிக்கும் மேல்.

இதன் சிறப்பு காரணிகளில் இருக்கிறது. 12ஐ மீதியின்றி வகுக்கும் எண்கள் ஆறு: 1, 2, 3, 4, 6, 12. அதற்குக் குறைந்த எந்த எண்ணுக்கும் ஆறு காரணிகள் கிடையாது. 24க்கு எட்டு, 36க்கு ஒன்பது, 48க்குப் பத்து. நாளுக்கு நாழிகை 60 என்ற பஞ்சாங்கக் கணக்கில் நமக்குப் பழகிய 60க்குப் பன்னிரண்டு. இப்படித் தனக்கு முந்திய எல்லா எண்களையும் விடக் கூடுதலான காரணிகள் உள்ளவற்றை உயர் பகு எண்கள் எனலாம்.

1914இல் கேம்பிரிட்ஜ் போய்ச் சேர்ந்த இராமானுஜன், அடுத்த ஆண்டே இவற்றைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டார். அதில் நூற்றுக்கும் மேற்பட்ட உயர் பகு எண்களின் பட்டியல் உண்டு. அதன் கடைசி எண்தான் மேலே சொன்னது. அதைப் பகா எண்களாகப் பிரித்தால் 2 ஆறு தடவை, 3 நான்கு தடவை, 5உம் 7உம் இரண்டிரண்டு தடவை, 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு தடவை வரும். தடவைகள் ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் காரணிகளின் தொகை கிடைக்கும்: 7×5×3×3×2×2×2×2×2 = 10080.

அந்தப் பட்டியலில் ஓர் எண் விடுபட்டிருக்கிறது: 293318625600. அதற்கு 5040 காரணிகள். கடைசி எண்ணை 23ஆல் வகுத்தால் வருவது இதுதான்.

எனக்கு இந்த விடுபடல் பிடித்திருக்கிறது. கணினி இல்லாத காலத்தில், போர் நடந்துகொண்டிருந்த அந்நிய நாட்டில், ஒருவர் இருந்து பெருக்கி, ஒப்பிட்டு, வரிசைப்படுத்திய உழைப்பு அதில் தெரிகிறது. கனவுக் கதையை மட்டும் கேட்டு வளரும் பிள்ளைக்கு இந்த உழைப்பு தெரியாமலே போய்விடும். கணக்கு என்பது வரம் பெற்றவர்களுக்கானது என்று அது ஒதுங்கிக்கொள்ளும்.

கும்பகோணத்திலும் சென்னையிலும் மற்றப் பாடங்களில் தேறாமல் கல்லூரிப் படிப்பை இழந்தவருக்கு, இந்த ஆய்வுக்காகவே 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் பி.ஏ. பட்டம் அளித்தது. ஆனாலும் கட்டுரை முழுவதும் அப்போது அச்சாகவில்லை. இலண்டன் கணிதச் சங்கத்துக்குப் பண நெருக்கடி. எஞ்சிய பகுதியை நிக்கோலா, ரொபன் என்ற இரு பிரெஞ்சுக் கணிதவியலாளர்கள் குறிப்புகளோடு 1997இல் வெளியிட்டார்கள். இராமானுஜன் இறந்து அப்போது 77 ஆண்டுகள்.

உங்கள் பிள்ளைகளிடம் 293318625600ஐ 23ஆல் பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். விடையின் பதின்மூன்று இலக்கங்களும் சாதாரணக் கணிப்பானில் அடங்காது. பேனையும் தாளும் எடுத்துக் கையால்தான் போட வேண்டும், அவர் போட்டதைப் போல.