ஒரே கண்மாய், இரண்டு தொட்டி

மதுரை யானைமலை அடிவாரத்துக் கண்மாய் சித்திரையில் பாதிக்கு மேல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். கிடங்கில் மட்டும் முழங்கால் அளவுக்குப் பச்சைத் தண்ணீர். ஒரே காலையில் இரண்டையும் எடுத்துக்கொண்டேன்: ஒரு வாளித் தண்ணீர், ஒரு டப்பா காய்ந்த வண்டல். "என்னண்ணே, ஊரே டிராக்டர்ல அள்ளுது, நீங்க டப்பால அள்ளுறீக?" என்றார் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்.

மீன் விடாத சின்னக் கண்ணாடித் தொட்டிகள் இரண்டு. ஒன்றில் கண்மாய்த் தண்ணீர் அப்படியே. மற்றதில் வண்டலைப் போட்டு, கொதித்து ஆறிய தண்ணீரை ஊற்றினேன். இரண்டையும் பழைய வேட்டித் துணியால் மூடி ஒத்தக்கடை வீட்டு ஜன்னலோரம் வைத்தேன். பார்க்க ஃபோல்டுஸ்கோப் இருந்தது. ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழுவினர் உருவாக்கிய காகித நுண்ணோக்கி, 140 மடங்கு பெரிதாக்குவது.

தண்ணீர்த் தொட்டியில் முதல் நாளே மாட்டுத்தாவணி பேருந்து நிலைய நெரிசல். சொட்டுக்குச் சொட்டு யூக்ளினா, ரோட்டிஃபர் என்று நுண்ணுயிர்கள். கண்ணுக்கே தெரிகிற நீர்த்தெள்ளு மொய்னா தத்தித் தத்தி நீந்தியது. அப்புறம் எல்லாம் செலவுதான். மொய்னா பச்சையைத் தின்று தீர்த்தது. ஐந்தாம் நாள் தொட்டிக்குப் பின்னால் இருந்த சுவர் தெரிந்தது. எட்டாம் நாள் மொய்னாவையே காணோம். செத்தது அழுக, பாக்டீரியா பெருக, அதைத் தின்னச் செருப்பு வடிவப் பாரமீசியம் வந்து சேர்ந்தது.

வண்டல் தொட்டியில் முதல் நாள் வெறும் கலங்கல். மூன்றாம் நாள் மொச்சைக்கொட்டை வடிவில் கால்போடா உருண்டு புரண்டது. வறட்சியில் கூடு கட்டி ஒடுங்குகிற உயிர் அது. பிறகு ரோட்டிஃபர். கூரைத் தூம்பின் காய்ந்த தூசியை நனைத்து அவை எழுவதை நுண்ணோக்கி முன்னோடி லேவன்ஹூக் 1702-லேயே எழுதிவிட்டார். ஒரு வாரத்தில் மொய்னாவும் வந்தது. பாரமீசியம் மட்டும் கடைசிவரை தலைகாட்டவில்லை.

வைக்கோல் ஊறலில் யார் பின்னால் யார் வருகிறார்கள் என்று யேல் பல்கலைக்கழகத்தின் உட்ரஃப் 1912-இல் வரிசைப்படுத்தினார். அதில் கால்போடாவுக்குப் பின்னால் பாரமீசியத்துக்கும் இடம் உண்டு. என் வண்டலில் அந்த இடம் காலி. காரணம் எளிது என்று நினைக்கிறேன்: பாரமீசியம் கூடு கட்டுவதற்கு உறுதியான சான்று கிடையாது. ஈரம் போனால் அதற்கு ஒளிய இடமில்லை. தண்ணீரில் யார் இருக்கிறார்கள் என்பதைத் தண்ணீர் சொல்லும்; கோடையைத் தாண்ட யாருக்குத் தெம்பு என்பதை மண்தான் சொல்கிறது.

தண்ணீர்த் தொட்டியில் எல்லாம் செலவு என்று எழுதியது என் அவசரம். அடியில் படிந்த கசடை ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தபோது, சேணம் போன்ற பழுப்புக் கூடுகள் கிடந்தன. கூட்டம் நெருக்கி, தீனி குறையும்போது மொய்னா இடும் உறங்குமுட்டைகள். வழக்கமாகப் பெண்களே தனித்துப் பெருகும் இனம். இந்த முட்டைக்கு மட்டும் ஆண் வேண்டும். அந்தக் கடைசி மூன்று நாளில் தொட்டிக்குள் ஆண்களும் பிறந்திருக்கிறார்கள், நான்தான் கவனிக்கவில்லை.

கசடை வழித்துத் தட்டில் பரப்பி மொட்டைமாடி வெயிலில் வைத்திருக்கிறேன். காக்கை கொத்தாமலிருக்க மேலே ஒரு வலைக்கூடை.